உக்கும் என்று போட்ட அட்டை

யூலை 15, செவ்வாய்

காலையில் முதல் வேலை: வாழைப் பாத்தியைக் கிண்டியது. முகம் கழுவவில்லை, தேத்தண்ணீர் குடிக்கவில்லை. சோளகக் காற்று விடியவே எழும்பிவிட்டது. கண், மூக்கு, பல் எல்லாம் புத்தூர்ச் செம்மண்.

தைப்பொங்கல் கழிந்த கிழமை மூன்று அட்டைகள் புதைத்திருந்தேன். பக்கத்தில் பக்கத்தில், தடி நட்டு. இன்று எடுத்தேன்.

கடதாசி மட்டை: உக்கி மண்ணாகிவிட்டது. இருந்த இடத்தில் ஒரு மண்புழு.
சாதாரண பிளாஸ்ரிக்: அப்படியே. அது தெரிந்ததுதான்.
எங்கள் அச்சுக் கடையின், சோளத்தில் செய்த அட்டை: அதுவும் அப்படியே.

வாளித் தண்ணீரில் கழுவினேன். கொஞ்சம் மங்கல். ஒரு மூலையில் வேர் உரஞ்சிய கீறல். மற்றப்படி இன்றைக்கே ஒருவர் பேர்சில் வைக்கலாம். பின்பக்கத்தில் நானே எழுதி, எழுத்தும் நானே தெரிவுசெய்த வரி: 'இந்த அட்டை மண்ணில் உக்கும்.' ஒரு புள்ளிகூட அழியவில்லை. கடையில் அச்சடிக்கும்போது மை பரவி இந்தப் புள்ளிகள்தான் மூடுபடும். 'உககும' என்று வரும். என் உயிரை எடுக்கும். மண்ணுக்குள் இத்தனை மாதம் கிடந்துவிட்டுத் தெளிவாக வந்திருக்கின்றன.

இவர் பல் விளக்கிக்கொண்டு வந்து நின்றார்.
"என்ன, புதையலோ?"
"உக்கும் எண்டு போட்டது உக்கேல்லை."
"நான் வாழைக்குத் தண்ணி ஒழுங்காத்தான் விடுறன். என்னிலை பிழை சொல்லாதை."

பஸ்ஸில் இருக்கை இல்லை. முழங்கால் வலி. கைப்பையில் அட்டை, பழைய துணியில் சுற்றி. ஏதோ குற்றம் செய்த ஆள் மாதிரி.

கடையில் ஜெசிந்தா அச்சு மெசினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குருநகரில் இருந்து சைக்கிளில் வருபவள் எனக்கு முன்னம் வந்துவிடுகிறாள். முதலாளி ரவி அண்ணை வந்ததும் அட்டையை அவர் மேசையில் வைத்தேன்.

"இது இப்ப அடிச்சதோ?"
"இல்லை அண்ணை. பொங்கலோடை புதைச்சது."
திருப்பிப் பார்த்தார். வளைத்துப் பார்த்தார். மணந்தும் பார்த்தார்.
"இன்னும் கொஞ்சக் காலம் கிடக்கட்டும் வாணி. எல்லாத்துக்கும் என்ன அவசரம்?"
"பக்கத்திலை வைச்ச மட்டை உக்கிட்டுது அண்ணை."
"மட்டை மட்டைதான். இது அட்டை."
மெசினுக்குப் பின்னால் இருந்து ஜெசிந்தா: "எங்கடை பக்கம் அட்டை எண்டால் கடலட்டை. ஒரு நாள் வெயில்லை விட்டால் காணும், உக்கி ஊரே மணக்கும். அதுக்கு ஒரு வரியும் எழுதத் தேவையில்லை."

ர. அண்ணை சிரித்தார். பேச்சு முடிந்தது.

ஆஸ்பத்திரி ஓடர் பற்றி மட்டும் நினைக்கச் சொன்னார். தனியார் ஆஸ்பத்திரி. வரும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை. பிளாஸ்ரிக் வேண்டாமாம், 'பசுமை ஆஸ்பத்திரி' என்று பெயர் எடுக்க வேணுமாம். முடிந்த வடிவம் அடுத்த புதன் காலை போக வேண்டும். இது சரிவந்தால் கடை நிமிரும். சரிவராவிட்டால் மெசின் கிழமையில் பாதி நாள் சும்மா கிடக்கும்; மெசின் சும்மா என்றால் ஜெசிந்தா வீட்டில்.

பிளாஸ்ரிக்கை விட்டுவிட்டுச் சோள அட்டைக்கு வருவோம் என்று ரவி அண்ணையைப் போட்டு அரித்தது நான்தான். பஸ் நிலையத்துக்குப் பக்கத்து வாய்க்காலில் நாங்கள் அடித்த பழைய பள்ளிக்கூட அடையாள அட்டைகள் மிதந்த மழைக்காலம். பிள்ளைகளின் முகங்கள் மேலே பார்த்தபடி. அன்றைக்குத் தொடங்கியது. 'மக்கும்' என்று எழுதலாம் என்றேன். அவர்தான், "மக்கு எண்டு வாசிச்சுப்போட்டுச் சிரிப்பினம். எங்கடை சொல் உக்கும். குப்பைப் பெட்டியளிலையும் உக்கும், உக்காது எண்டுதானே போட்டுக்கிடக்கு" என்றார். நல்ல சொல் என்று சந்தோசப்பட்டேன். விற்றவர்கள் சொன்னதை நம்பினேன். நம்பித்தான் எழுதினேன்.

வாங்க வேண்டியது: பூண்டு, மாலை நேரத்து நுளம்புத்திரி, இவருக்குச் சவர அலகு.


யூலை 16, புதன்

வெயில். மின்விசிறி சுடுகாற்றைத்தான் சுற்றித் தந்தது. வியர்வை வெயிலுடையதா, என் வயதுடையதா, தெரியவில்லை.

பத்து மணிபோல் வல்வெட்டித்துறையில் இருந்து கௌரி ரீச்சரின் அழைப்பு. தகப்பனார் போன மாதம் மோசம் போனவர். கப்பலில் வேலை செய்தவர். ஞாயிறு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. வருகிறவர்களுக்குக் கொடுக்க நினைவு அட்டை கேட்டிருந்தார்: முன்னுக்குப் படம், பின்னுக்கு ஒரு தேவாரம். நேற்றுப் பெட்டி போய்ச் சேர்ந்தது.

"அக்கா, நீங்களோ உதை வடிவமைச்சது?"
"ஓம் ரீச்சர்."
"பின்பக்கத்தை ஒருக்கா எடுத்து வாசியுங்கோ."

கொம்பியூட்டரில் திறந்தேன். தேவாரம். அதற்குக் கீழே சின்ன இலை. இலைக்குப் பக்கத்தில்: 'இந்த அட்டை மண்ணில் உக்கும்.'

எல்லா அட்டைக்கும் பின்பக்கம் ஒரே அச்சில் வரும். இதில் அந்த வரியை நான் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. கண்ணுக்கு அவ்வளவு பழகிப்போன வரி.

"அப்பான்ரை முகத்துக்குப் பின்னாலை மண்ணிலை உக்கும் எண்டு எழுதி, அதை நாங்கள் சபையிலை நிண்டு ஒவ்வொருத்தரின்ரை கையிலையும் குடுக்கிறதோ அக்கா? எரிச்ச மனுசனை..."

மன்னிப்புக் கேட்டேன். என்ன சொற்களில் கேட்டேன் என்று நினைவில்லை.

ஜெசிந்தாவுக்குச் சொன்னேன். முதலில் வாயைப் பொத்தினாள். பிறகு சிரிப்பு. அடக்க அடக்க வந்தது. பேப்பர்க் கட்டுக்குப் பின்னால் போய்க் குந்தியிருந்து சிரித்தாள். பிறகு சிலுவை போட்டாள். "அந்த ஐயா என்னை மன்னிக்க வேணும். ஆனால் அக்கா, நாங்கள் அடிச்சதிலையே உண்மையான வரி இதுதான்."
எனக்கும் சிரிப்பு வந்தது. வந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

ரவி அண்ணை சிரிக்கவில்லை. தொலைபேசியை எடுத்து வெளியே போனார். கதவு திறந்துதான் இருந்தது.

"ரீச்சர், பிழை எங்கடை. வெள்ளிக்கிழமை நானே புதுசு கொண்டு வாறன். அந்த வரி இராது... இல்லை இல்லை, பயப்பிடாதேங்கோ. அது ஒரு நாளும் உக்காது. உங்கடை பேரப்பிள்ளையளின்ரை காலத்திலையும் அப்பிடியே இருக்கும். நான் பொறுப்பு."

ஒரு தேத்தண்ணீர் குடிக்கிற நேரம். பிறகு ஆஸ்பத்திரி நிர்வாகிக்கு அழைப்பு, அதே வாசலில் நின்று.

"ஓம் சேர், முழுக்கச் சோளம். மண்ணிலை போட்டால் ஆறு மாதத்திலை மண்ணோடை மண். நான் பொறுப்பு."

ஒரே வாய். ஒரே தாள். ஜெசிந்தாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது சொல்ல வேண்டி வந்திருக்கும்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. எழுதி வைக்கிறேன். ஜெசிந்தாவின் மனுசன் படகில் இருந்து விழுந்து கால் முறிந்து கிடந்தபோது ரவி அண்ணைதான் காலை மாலை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கினவர். பொய் சொல்கிறோம் என்று அவர் நினைக்கவில்லை. கேட்கிற ஆளுக்கு என்ன வேணுமோ அதைக் கொடுக்கிறார். கடைக்காரருடைய பழக்கம்.


யூலை 17, வியாழன்

ஆடிப்பிறப்பு. விடியவே எழும்பிக் கூழும் கொழுக்கட்டையும். கூழில் பனங்கட்டி கூடிவிட்டது. இவர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார். அதுவே சொன்ன மாதிரி.

கொழுக்கட்டை கடைக்கும். ஜெசிந்தா நாலு சாப்பிட்டாள். "உங்கடை சமயத்திலை எனக்குப் பிடிச்சது இது."

நினைவு அட்டை மறுபடி அடிப்பு. வரி எடுத்தாயிற்று, இலையும் எடுத்தாயிற்று. அந்த இடம் வெறுமையாக நின்றது, தேவாரத்தைக் கொஞ்சம் இறக்கினேன். ஐயாவின் படம்: கப்பல் தளத்தில், காற்றில் சேர்ட் பறக்க, கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிறார். முதல் தடவை வேலை செய்தபோது இந்த முகத்தை நான் வடிவாகப் பார்க்கவே இல்லை. நிறத்தைத்தான் பார்த்தேன்.

ஜெசிந்தாவின் புது முறைப்பாடு. மாதிரிக்கு எடுத்துப்போன அட்டையை மனுசன் மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே வைத்தாராம். மத்தியானம் எடுத்தால் அப்பளம். கொண்டுவந்து காட்டினாள். நாலு பக்கமும் எழும்பி, பொரித்த மாதிரி.
"வெயிலிலை வளையுது, மண்ணிலை உக்காது. இது என்ன சாமான் அக்கா? எங்கடை மாமியார் மாதிரி."

மத்தியானம், ர. அண்ணை வங்கிக்குப் போன நேரம், கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். சோள அட்டைக்குத் தாள் தருகிற இடம். அங்கே கதைத்த தம்பி தன்மையானவர், கொழும்புத் தமிழ்.

"மிஸ், வீட்டுத் தோட்டத்துல அது போகாதுங்க. அதுக்குன்னு பெரிய இடம் வேணும். நல்ல சூட்டுல, வாரக்கணக்கா வெச்சிருக்கணும். அப்பத்தான் உடையும்."
"அப்பிடி இடம் இஞ்சை எங்கை தம்பி இருக்கு?"
"தெரியல மிஸ். நாங்க தாள் மட்டும்தான் குடுக்கிறோம்."
"முந்திக் கேட்டபோது உக்கும் எண்டுதானே சொன்னனீங்கள்?"
"உக்கும்தானே மிஸ். எங்கேன்னு நீங்க கேக்கல."

அவரில் பிழை இல்லை. நான் கேட்கவில்லை. 'எங்கே' என்று ஒரு சொல். படித்த பெண். பட்டதாரி.

பின்னேரம் ர. அண்ணையிடம் சொன்னேன். கணக்கு எழுதிக்கொண்டே கேட்டார். நிமிரவில்லை.
"சோளத்திலை செய்தது உண்மைதானே?"
"ஓம்."
"பெற்றோலிலை செய்த பிளாஸ்ரிக்கை விட நல்லது. அதுவும் உண்மைதானே?"
"ஓம் அண்ணை. ஆனால் நாங்கள் எழுதியிருக்கிறது அது இல்லையே."
"ஆர் வாணி கிண்டிப் பாக்கப் போகினம்? உன்னைத் தவிர."

பஸ்ஸில் இருக்கை கிடைத்தது. நித்திரை. நீர்வேலி தாண்டியது தெரியாது.


யூலை 18, வெள்ளி

விரதம். தலை முழுகிப் போட்டு ஈரத்தோடு ஓட்டம்.

புது அட்டைகளோடு ரவி அண்ணையின் வான் வண்டியில் வல்வெட்டித்துறை. பிழை என்னுடையது, நானும் வருகிறேன் என்றேன். வழி முழுக்க அவர் அரசியல், நான் யன்னல். கடல் வந்ததும் காற்று மாறியது. கொஞ்சம் மூச்சு விட்டேன்.

கௌரி ரீச்சர் வாசலில் நின்றார். தொலைபேசியில் கேட்ட கோபம் முகத்தில் இல்லை. நித்திரை இல்லாத முகம். புது அட்டைகளை ஒன்று ஒன்றாகத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். நான் நின்றேன். இருக்கச் சொன்னார்கள், நான் இருக்கவில்லை.

"இப்ப சரி" என்றார்.

ரவி அண்ணை பழைய பெட்டியைத் தூக்கப் போனார். அப்போதுதான் தாயார் உள்ளே இருந்து வந்தார். மெலிந்த அம்மா, வெள்ளைச் சேலை இன்னும் உடம்போடு பழகவில்லை.

"அதைக் கொண்டு போகாதேங்கோ தம்பி."
"அம்மா, அது பிழையா அடிச்சது."
"தெரியும். பிள்ளை வாசிச்சுக் காட்டினவள். அழுதும் காட்டினவள்." மகளைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தார். "எனக்கு ஒண்டு கேக்க வேணும். உது உண்மையிலையே உக்குமோ?"

ரவி அண்ணை பெட்டியில் இருந்து கையை எடுத்தார். அம்மா அலுமாரியைத் திறந்து ஒரு பிஸ்கற் ரின்னை எடுத்து வந்து மேசையில் வைத்தார். உள்ளே நினைவு அட்டைகள். தடித்தவை, மெல்லியவை, கண்ணாடித்தாள் ஒட்டியவை, கலண்டர் போட்டவை. ஊரில் செத்த எல்லாரும்.

"எல்லாம் தெரிஞ்ச முகம். குப்பையிலை போட மனம் வராது. அடுப்பிலை வைச்சால் பிளாஸ்ரிக் நாத்தம், அதுவும் பாவம். போன வருசம் என்ரை மச்சாளின்ரையைக் கொண்டுபோய்க் கடலிலை விட்டன். இரண்டு நாளாலை உந்தப் பக்கத்துப் பெடியள் கரையிலை எடுத்ததெண்டு கொண்டு வந்து தருகினம். 'ஆச்சி, உங்கடை வீட்டு அன்ரி' எண்டு. அவளும் உயிரோடை இருக்கேக்கை அப்பிடித்தான். அனுப்பினாலும் போகாள்."

ரீச்சர் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்தார்.

"அதுதான் கேக்கிறன். இவரின்ரை ஒண்டை அந்தத் தேசிக்காய் மரத்தடியிலை வைப்பம் எண்டு. இவர் வைச்ச மரம். மெல்ல மெல்லப் போகட்டும். நானும் மெல்ல மெல்லப் பழகிப்போடுவன். உக்கும்தானே தம்பி?"

"ஓம் அம்மா" என்றார் ரவி அண்ணை.

ரீச்சர் நிமிர்ந்தார். "நீங்கள் புதன்கிழமை எனக்கு ஒரு நாளும் உக்காது எண்டெல்லோ சொன்னியள்?"

ரவி அண்ணை அசரவில்லை. "வீட்டுக்குள்ளை வைச்சால் உக்காது ரீச்சர். மண்ணுக்குள்ளை வைச்சால் உக்கும். அதுதான் இந்த அட்டையின்ரை விசேசம்."

இரண்டு பேருக்கும் சரிவந்தது. மகளுக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று. அம்மா பழைய பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "உந்தப் பிள்ளைதான் எழுதினதோ? வடிவான எழுத்து. கண்ணாடி இல்லாமலே வாசிச்சனான்" என்றார்.

தேத்தண்ணீர் தந்தார்கள், குடித்தேன்.

திரும்பும் வழியில் ரவி அண்ணை: "பாத்தியோ, கடவுளாப் பாத்துச் செய்த பிழை. அந்த மனுசிக்கு எவ்வளவு ஆறுதல்."
"அவ கிண்டிப் பாப்பா அண்ணை."
"கிண்டாது. அந்த வயதிலை ஆர் கிண்டுறது?"

எனக்குத் தெரியும், கிண்டுவார். கொஞ்சக் காலத்தால், காலமை தேத்தண்ணீருக்கு முன்னம், ஒரு தடியோடு போய்க் குந்துவார். வேறு யார் கிண்டாவிட்டாலும் அவர் கிண்டுவார். ஐயா அப்படியே இருப்பார், சேர்ட் பறக்க. பின்பக்கத்தில் என் எழுத்து.

தலையிடி. இரண்டு பனடோல்.


யூலை 20, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை. உடுப்புத் தோய்த்தல், மா வறுத்தல்.

இன்று வல்வெட்டித்துறையில் அந்தியேட்டி நடந்திருக்கும். நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு தேங்காய் துருவினேன். விரலில் வெட்டு.

பின்னேரம் இவரோடு வெங்காயம் பிடியாகக் கட்டினேன். வேலை செய்கிற கைக்குப் பக்கத்தில் இருந்தால்தான் இவரோடு கதைக்க வரும். முழுவதையும் சொன்னேன்.

"கடை அவன்ரை. வரி அவன் போடச் சொன்ன வரி. உனக்கென்ன?"
"எழுதினது நானெல்லோ."
"சம்பளத்துக்கு எழுதினது."
"நீங்கள் வெங்காயத்துக்கு மருந்து அடிச்சுப்போட்டு அடிக்கேல்லை எண்டு சொல்லி விப்பியளோ?"
கொஞ்ச நேரம் கட்டினார். "கேக்கிறவனைப் பொறுத்தது."
"ஆ."
"பகிடிக்குச் சொன்னனான்."
பகிடி இல்லை. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இருவரும் சிரித்தோம்.

பிறகு அவரே: "இந்த வேலை போனால் நீ பேந்து என்ன செய்வாய்? உனக்கு வீட்டிலை இருக்க வராது. எனக்கும் நீ வீட்டிலை இருக்க வராது."

உண்மை. இருபது வருடமாக அந்த பஸ். முழங்கால் போனாலும் அந்த பஸ்.

நான் இதில் களைத்துப்போவது பொய்யினால் மட்டும் இல்லை. நல்லது ஒன்றைச் செய்யப் போனால் அது பாதியில் நின்று முகத்தைப் பார்க்கிறது. பிளாஸ்ரிக்குக்குத் திரும்பு என்றால் திரும்ப மனம் இல்லை. கடதாசி மட்டை மழையில் கூழ். வாழை நாரில் அடித்துப் பார்த்தோம், சுருண்டது. சோளம்தான் அட்டை மாதிரி அட்டையாக வந்தது. உக்குவதைத் தவிர மற்ற எல்லாம் சரியாகச் செய்கிறது.


யூலை 21, திங்கள்

காற்று பலம். கடைப் பலகை ஒன்று கழன்று விழுந்தது. யாருக்கும் படவில்லை.

ஆஸ்பத்திரி நிர்வாகி நேரே வந்தார். வயதில் என்னை விட இளையவர். நல்ல சப்பாத்து. கொம்பியூட்டரில் காட்டினேன்: முன்னுக்குப் பெயர், இலக்கம், இரத்த வகை. இரத்த வகையைப் பெரிதாக்கியிருந்தேன், ஓரத்தில் இருந்தால் தேய்ந்துவிடும் என்று. அதைக் கவனித்தார். "நல்ல யோசனை அக்கா." அந்த ஒரு சொல்லுக்கு ஏன் அவ்வளவு சந்தோசப்பட்டேன்?

பின்பக்கம் காட்டினேன்.

"உந்த வரி காணாது. இன்னும் பெரிசா. மூண்டு பாசையிலையும் வேணும். எங்கடை தலைவர் முதல் அட்டையை ஒரு வேப்பங்கண்டோடை சேத்துப் புதைச்சுத்தான் துவக்கப் போறார். பத்திரிகைக்காரரும் வருவினம்."

ரவி அண்ணையின் முகம் விளக்கு ஏற்றின மாதிரி. "அருமையான யோசனை சேர்."

நிர்வாகி போன பிறகு மெதுவாகக் கேட்டேன்.
"வேப்பமரம் வளர்ந்து வந்து ஆரும் இடம் மாத்த வேண்டி வந்தால் அண்ணை?"
"வாணி." கையை மேசையில் வைத்தார். குரல் உயரவில்லை. "நான் இந்த வயதிலை இன்னொருக்காத் துவங்க மாட்டன். நீ சொல்லித்தான் இதுக்கு இறங்கினனான். நீயே இப்ப என்னை நடுக்கிணத்திலை விடாதை."

அவர் சொன்னது முழுக்க உண்மை.

மாலை ஜெசிந்தா சைக்கிளை எடுத்துக்கொண்டே: "மூண்டு பாசையிலையும் பொய் சொல்லப் படிச்சிட்டம் அக்கா. இனி வெளிநாடும் போகலாம்." மணி அடித்துவிட்டுப் போனாள்.


யூலை 22, செவ்வாய்

முகில். மழை வராது, புழுக்கம் மட்டும்.

நாளை காலை வடிவம் போக வேண்டும். இன்று முழு நாளும் பின்பக்கம். எழுதி அழித்தவை:

'தாவரத்தில் செய்தது.' ர. அண்ணை: "தாவரம் எண்டால்? கீரையோ?"
'சூழலுக்கு நட்பானது.' சவர்க்காரப் பெட்டியிலும் இதுதான் இருக்கிறது.
'உரிய முறையில் உக்கக்கூடியது.' சட்டத்துக்குச் சரி. உரிய முறை எனக்குத் தெரிய இந்தப் பக்கம் எங்கேயும் இல்லை. பொய்க்குக் கண்ணாடி போட்ட மாதிரி.
'சோளத்தில் செய்தது. மண்ணில் உக்காது.'

கடைசி வரியைத் தட்டிவிட்டு நெடுநேரம் பார்த்தேன். புள்ளிகள் எல்லாம் இருந்தன. யார் இதைப் போட்ட அட்டையைக் காசு கொடுத்து வாங்குவார்கள்? ஆனாலும் வாசிக்க நல்லாக இருந்தது. ஒரு பக்கமும் சாயாமல் நிற்கிற வசனம். ர. அண்ணை கதிரையை விட்டு எழும்பின சத்தம் கேட்டதும் அழித்துவிட்டேன்.

மத்தியானம் வல்வெட்டித்துறையில் இருந்து ரீச்சர் எடுத்தார். அந்தியேட்டி நல்லபடி முடிந்ததாம், அட்டையை எல்லோரும் வடிவென்று சொன்னார்களாம், நன்றியாம். பிறகு சிரித்துக்கொண்டு: "அம்மா இண்டைக்கு விடியவே மரத்தடியிலை வைச்சிட்டா. ஒவ்வொரு நாளும் தண்ணி ஊத்தினால் கெதியா உக்குமோ எண்டு உங்களிட்டைக் கேக்கட்டாம்."

"கேட்டுச் சொல்லுறன் ரீச்சர்" என்றேன். யாரிடம் கேட்பேன்?

ரவி அண்ணை இரண்டு முறை வந்து தோளுக்கு மேலால் பார்த்தார். "முடிஞ்சுதோ?" "முடியுது அண்ணை." மூன்று மொழி வரியும் நிர்வாகி கேட்ட அளவில், கேட்ட இடத்தில் நிற்கிறது. அனுப்ப ஒரு தட்டல்தான் பாக்கி. நாளைக்கு அனுப்புகிறேன், புதுக்கண்ணால் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றேன். நம்பினார். என்னை அவர் எப்போதும் நம்புகிறார்.

ஜெசிந்தா போகும்போது: "நாளைக்கு ஓடர் உறுதி எண்டால் பின்னேரத் தேத்தண்ணிக்குப் பற்றிஸ் என்ரை கணக்கு. சொல்லிப்போட்டன்." இன்றைக்குக் கொஞ்சம் பவுடர் போட்டிருந்தாள். மனுசனுக்கு இன்னும் கடலுக்குப் போக ஏலாது.

வீடு. குளிப்பு. புட்டு, மீன் இல்லை, சம்பல்.

இவர் செய்தி கேட்கிறார். நான் குசினி மேசையில் இதை எழுதுகிறேன்.

நாளை வேளைக்கு பஸ் எடுப்பேன். கடை திறந்ததும் மூன்று மொழி வரியையும் எடுத்துவிட்டு 'மண்ணில் உக்காது' என்று முடிகிற அந்த நாலு சொல்லை வைப்பேன். ரவி அண்ணை வரும்வரை அனுப்ப மாட்டேன். அவருக்குத் தெரியாமல் ஒன்றும் செய்வதில்லை. அவரை இருத்திக் காட்டி, இதுதான் போகும் அல்லது நான் போகிறேன் என்பேன். அவர் வேறு ஆள் பிடித்து உக்கும் என்று போடலாம். என் கையால் இனி இல்லை. பிறகு, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வல்வெட்டித்துறைக்கு ஏறுவேன். அந்த அம்மாவுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.

இவர் குசினிக்குள் எட்டி, "என்ன எழுதுறாய்?" என்றார். "சாமான் லிஸ்ற்" என்றேன்.

இவருக்குச் சொல்லவில்லை. மெசின் நின்றால் வீட்டில் நிற்கப்போகிற ஜெசிந்தாவுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். அவளுக்கும் சொல்லவில்லை.